கூத்துக் களத்திலிருந்து நாடகச் சொற்கள்

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாடக ஒத்திகை நடந்தது. நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ராஜா வேஷம் போட்ட பையனிடம் "வலது பக்கம் வாப்பா" என்றேன். அவன் தன்னுடைய வலது பக்கம் நகர்ந்தான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது இடது. "அந்தப் பக்கம் இல்லப்பா, வலது" என்று திருப்பிச் சொன்னேன். அவன் எங்கே போவதென்று தெரியாமல் நடுவிலேயே நின்றுவிட்டான். பின்னால் வந்த மந்திரி அவன்மேல் மோதிக்கொண்டான். பையன்கள் இரண்டு பேர் மேலும் தவறில்லை. ஒரே சொல் அவனுக்கு ஒரு திசையையும் எனக்கு வேறு திசையையும் காட்டியது.

நாடகக்காரர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். மேடையில் வலது, இடது என்றால் கூட்டத்தைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது, இடது. இயக்குநர் எங்கே உட்கார்ந்திருந்தாலும் இதுதான் கணக்கு. 'மேடை வலது' என்ற கலைச்சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள். கல்லூரியில் நாடகப் பாடம் எடுக்கும் பிள்ளைகள் இதை அறுபது, எழுபது சொற்களோடு சேர்த்துப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகிறது. ஒத்திகையில் ஒருமுறை மோதிக்கொண்ட அந்தப் பையனுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

நாடகக் கலைச்சொல் ஒவ்வொன்றும், மேடையில் வந்த ஒரு தொல்லைக்கு யாரோ கண்டுபிடித்த வழியின் பெயர். தொல்லை என்னவென்று தெரிந்துவிட்டால் சொல் தானாக விளங்கிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு அதை நேரில் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. கோடையில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊர்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. இப்படிப் பத்துப் பதினெட்டு நாள், சில ஊர்களில் அதற்கு மேலும் நடக்கும். வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், கடைசியில் படுகளம். நாடக மேடையின் இலக்கணம் முழுவதும் அந்த மண்தரையில் விரிந்து கிடக்கிறது. அதனால் ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களைக்கூட அங்கிருந்தே விளக்கிப் பார்க்கிறேன்.

முதலில் இடம். கூத்துக்கு மேடை கட்டாயமில்லை. ஊர்ப் பொதுவில் ஒரு சதுரத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டால் போதும், அதுதான் களரி. பின்னால் வாத்தியக்காரர்கள் பெஞ்சு போட்டு உட்காருவார்கள். மற்ற மூன்று பக்கமும் சனம் பாயையும் சாக்கையும் விரித்து உட்கார்ந்துவிடும். மூன்று பக்கமும் ஆள் இருக்கும் இந்த அமைப்பை ஆங்கில நாடகக்காரர்கள் 'திரஸ்ட் ஸ்டேஜ்' என்பார்கள். நாலு பக்கமும் ஆள் உட்கார்ந்தால் வட்ட அரங்கு. ஒரே பக்கம் மட்டும் ஆள் இருந்து, நடிகர்களை ஒரு பெரிய சட்டத்துக்குள் வைத்துப் பார்ப்பதுபோல் இருந்தால் 'பிரசீனியம்', தமிழில் படச்சட்ட மேடை. பள்ளிக்கூட மேடை, கல்யாண மண்டப மேடை எல்லாம் இந்த மூன்றாவது வகைதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பார்சி நாடகக் கம்பெனிகள் வழியாகத்தான் இது நம் பக்கம் பரவியது. எழுதிய படுதாக்களும், பக்கத்தில் மறைந்து நிற்க வைத்த தட்டிகளும் அதனோடு சேர்ந்து வந்தன. அந்தத் தட்டிகளுக்குத்தான் 'விங்' என்று பெயர்.

அப்ஸ்டேஜ், டவுன்ஸ்டேஜ் என்ற இரண்டும் பிள்ளைகளைக் குழப்பும். மேடை சமமாகத்தானே இருக்கிறது, மேலே எங்கே, கீழே எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐரோப்பாவின் பழைய மேடைகள் சரிவாக இருந்தன. பின்பக்கம் உயர்ந்து, கூட்டத்தை நோக்கித் தாழ்ந்து வரும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பின்னால் நிற்கும் நடிகரும் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். ஆகவே பின்பக்கம் போவது மேலே ஏறுவது, முன்னால் வருவது கீழே இறங்குவது. மேடை சமமான பிறகும் சொல் தங்கிவிட்டது. இதிலிருந்து இன்னொரு சொல்லும் பிறந்தது. ஒரு நடிகர் வேண்டுமென்றே பின்னால் போய் நின்றுகொண்டால், அவரோடு பேசும் மற்றவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித்தான் பேச வேண்டும். சனம் முழுக்கப் பின்னால் நிற்பவரையே பார்க்கும். அந்தத் தந்திரத்துக்கு 'அப்ஸ்டேஜிங்' என்று பெயர். கூத்தில் இது செல்லாது. மூன்று பக்கமும் ஆள் இருப்பதால் யார் எங்கே நின்றாலும் ஒரு பக்கத்துக்கு முதுகுதான். அதனால்தான் கூத்துக்காரர் நின்ற இடத்தில் நிற்பதே இல்லை. சுற்றிச் சுழன்று, மூன்று பக்கத்துக்கும் முகத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பார். அந்தச் சுழலை வெறும் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இடத்தின் கணக்கு புரிந்த பிறகு அது வேறாகத் தெரிந்தது.

அப்புறம் திரை. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

இரவு பதினொன்றைத் தாண்டியிருக்கும். இரண்டு பேர் ஒரு துணியின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு களரிக்கு நடுவில் வந்து நிற்பார்கள். துணி தோள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அதற்குப் பின்னால் துரியோதனன் வந்து நின்றுவிட்டான் என்பது சனத்துக்கு எப்படித் தெரியும்? முதலில் சலங்கைச் சத்தம். துணிக்குக் கீழே இரண்டு பாதங்கள் தரையை மிதிப்பது தெரியும். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி ஆடும். உள்ளிருந்து விருத்தம், அதாவது தாளம் இல்லாமல் இழுத்துப் பாடும் பாட்டு, எழும்பும். குரல் இருக்கிறது, கால் இருக்கிறது, முகம் மட்டும் இல்லை. விருத்தம் முடிந்து தாளம் பிடித்ததும் திரையை ஒரு பக்கம் லேசாக விலக்கி முகத்தைக் காட்டி உடனே மறைத்துக்கொள்வான். முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் எழுந்து நின்றுவிடும். இன்னொரு முறை காட்டி மறைப்பான். மத்தளம் ஏறும். பிறகுதான் திரை விலகும்.

ஆங்கிலத்தில் 'என்ட்ரன்ஸ்', தமிழில் பிரவேசம் என்று ஒரே சொல்லில் எழுதிவிடும் காரியம் இது. பாத்திரம் மேடைக்கு வருவது ஒரு நொடி வேலை. கூத்து அதையே கால் மணி நேரத்துக்கு நீட்டி, வருகையையே ஒரு காட்சியாக ஆக்கிவிடுகிறது. பிரவேசம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

திரைக்கான சொற்கள் தமிழில் புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் அரங்குக்கு மூன்று எழினி சொல்லப்படுகிறது. எழினி என்றால் திரை. ஒருமுக எழினி ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது. பொருமுக எழினி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சேர்வது. கரந்துவரல் எழினி மேலே மறைந்திருந்து இறங்குவது. இன்றைக்கு எந்த அரங்கத்துக்குப் போனாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் பார்ப்பீர்கள். 'டிராப் கர்ட்டன்' என்று நாம் எழுதிவைத்துக்கொள்ளும் சொல்லுக்குக் கரந்துவரல் எழினி என்று பெயர் இருந்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அதே இடத்தில் மேடையின் அளவும் வருகிறது. இருபத்துநாலு விரல் ஒரு கோல். ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு வாசல்.

அந்த வரிகளுக்குள்ளேயே என் மனசைத் தைத்த ஒரு சொற்றொடர் உண்டு: 'தூண்நிழல் புறப்பட மாண்விளக்கு எடுத்து'. தூணின் நிழல் அரங்குக்குள் விழாமல் வெளியே விழும்படி விளக்கை வைக்க வேண்டும் என்பது பொருள். இதைப் படித்த நாளில் எனக்கு ஒரு கல்யாண மண்டபம் நினைவுக்கு வந்தது. மாணவர்கள் இரண்டு மாதம் உழைத்த நாடகம். விளக்கு போட வந்தவர் ஒரு ஃபோகஸ் லைட்டைத் தூணுக்கு வெளிப்பக்கம் நிறுத்திவிட்டார். கதாநாயகி கடைசி வசனம் பேசும் இடத்தில் தூணின் நிழல் சரியாக அவள் முகத்தின் குறுக்கே விழுந்தது. ஒத்திகையை விளக்கோடு பார்க்க எங்களுக்கு மண்டபம் கிடைக்கவில்லை. அந்தப் பெண் அழுததற்கு நான் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? நடிகரும் விளக்கும் ஒலியும் சேர்ந்து பார்க்கும் ஒத்திகையைத் 'தொழில்நுட்ப ஒத்திகை' என்கிறோம். உடையும் ஒப்பனையும் சேர்த்துப் பார்ப்பது 'ஆடை ஒத்திகை'. இவற்றை நேரம் இருந்தால் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த நிழல் கதையைத்தான் சொல்லுவேன்.

விளக்கைப் பற்றி இன்னும் ஒன்று. புகழின் நடுவில் இருப்பவரை 'லைம்லைட்டில் இருக்கிறார்' என்று சொல்கிறோம். அந்த லைம், சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புக் கட்டியை ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நெருப்பில் காட்டினால் கண் கூசும் வெள்ளை வெளிச்சம் வரும். 1820-களில் தாமஸ் டிரம்மண்ட் என்பவர் அயர்லாந்தில் நில அளவைக்குப் பயன்படுத்தினார். 1837-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் அது மேடைக்கு வந்தது. முக்கியமான நடிகர் மேல் மட்டும் அந்த வெளிச்சத்தைத் திருப்பினார்கள். நம் ஊர்க் கூத்தில் தீவட்டிக்குப் பிறகு பல காலம் எரிந்த பெட்ரோமாக்ஸ் இதற்கு நெருங்கிய உறவு. பெட்ரோமாக்ஸின் வெள்ளை வலை தோரியம், சீரியம் என்ற உலோகங்களின் ஆக்சைடு. அதுவும் சூடேறித்தான் வெளிச்சம் தருகிறது. ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் என்ற வேதியியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டது. சுண்ணாம்பும் வலையும் ஒரே கணக்கில்தான் எரிகின்றன.

பெட்ரோமாக்ஸ் ஒரே இடத்தில் தொங்கும், அதை நடிகர் பக்கம் திருப்ப முடியாது. அப்படியானால் ராஜாவின் மேல் எப்படிக் கூடுதல் வெளிச்சம் விழும்? அதற்கு வழி நடிகரின் உடம்பிலேயே இருக்கிறது. புஜக்கட்டையிலும் மார்க்கட்டையிலும் கிரீடத்திலும் ஒட்டியிருக்கும் கண்ணாடித் துண்டுகளும் ஜிகினாவும் இருக்கிற வெளிச்சத்தை வாங்கி நாலு பக்கமும் வீசும். அவர் சுழலும்போது வெளிச்சமும் சேர்ந்து சுழலும். கடைசி வரிசையில் போர்வைக்குள் சுருண்டிருக்கும் பாட்டிக்கும் அது தெரியும். உடை, அணிகலன், விளக்கு என்று பாடப் புத்தகம் மூன்று அதிகாரங்களாகப் பிரிப்பது இங்கே ஒன்றாகவே இருக்கிறது.

கட்டை என்பது எடை குறைந்த மரத்தில் செதுக்கிய அணிகலன். ராஜாக்களும் வீரர்களும் கட்டை கட்டி ஆடுவார்கள். காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்து என்ற பெயரே இதனால் வந்தது. இந்தக் 'கட்டு' என்ற வினைச்சொல்லைக் கவனியுங்கள். நாம் வேஷம் போடுகிறோம் என்றும் சொல்கிறோம், வேஷம் கட்டுகிறோம் என்றும் சொல்கிறோம். கூத்துக்காரருக்கு இரண்டாவதுதான் பொருத்தம். முகத்துக்கு வண்ணம் எழுதி முடித்ததும் எழுந்து நிற்பார். ஒருவர் பின்னால் நின்று கயிற்றை இறுக்குவார். இடுப்பைச் சுற்றித் துணியும் அதற்குமேல் துணியும் வைத்துக் கட்டி, விரிந்த பாவாடைபோல் ஆக்குவார்கள். சலங்கை கட்டு, மார்க்கட்டைக் கட்டு, புஜக்கட்டைக் கட்டு, கடைசியில் கிரீடக் கட்டு. ஒவ்வொரு முடிச்சுக்கும் மூச்சைப் பிடித்து "இன்னும் கொஞ்சம் இறுக்குப்பா" என்பார். விடியும்வரை குதிக்கிற உடம்பில் ஒரு முடிச்சு தளர்ந்தாலும் ராஜா பாதியில் ராஜாவாக இருக்க மாட்டார். முடிச்சுகள் ஏற ஏற அவர் பேச்சு குறையும். கிரீடம் ஏறிய பிறகு யாரோடும் சாதாரணப் பேச்சே பேச மாட்டார். பாத்திரத்துக்குள் போவது எப்படி என்று ரஷ்யாவின் நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி பக்கம் பக்கமாக எழுதினார். அந்தக் கொட்டகையில் அரைமணி நேரம் நின்றால் அதன் ஒரு வகையைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

முகத்துக்கு எழுதுவதை ஒப்பனை என்றும் அரிதாரம் பூசுவது என்றும் சொல்கிறோம். அரிதாரம் உண்மையில் ஒரு தாதுப்பொருள், மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஆர்சனிக் சேர்மம். ஒரு காலத்தில் முகத்தில் பூசிய பொருளின் பெயரே முழு வேலைக்கும் பெயராகிவிட்டது. இப்போது அது கிடையாது. முத்துவெள்ளையைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அடித்தளம் போட்டு, அதன்மேல் நிறங்கள்.

வேஷம் கட்டும் அந்தக் கொட்டகையைப் பார்க்கும்போது 'சீன்' என்ற சொல்லைச் சொல்லாமல் இருக்க முடியாது. பழைய கிரேக்கத்தில் மலைச்சரிவில் சனம் உட்காரும். சனம் உட்கார்ந்து பார்க்கும் இடம் 'தியேட்ரான்', அதாவது பார்க்கும் இடம். கீழே வட்டமான ஆடுகளம், 'ஆர்கெஸ்ட்ரா'. இன்று வாத்தியக் குழுவைக் குறிக்கும் அந்தச் சொல்லின் வேர் ஆட்டத்தில் இருக்கிறது. ஆடுகளத்துக்குப் பின்னால் நடிகர்கள் வேஷம் மாற்ற ஒரு கூடாரம் போட்டார்கள், அதன் பெயர் 'ஸ்கீனே'. கூடாரத்தின் முன்சுவரில் படம் எழுதினார்கள். அது காட்சியின் பின்புலம் ஆயிற்று, பிறகு காட்சியையே குறித்தது. அந்த ஸ்கீனே இங்கிலாந்து போய், கப்பலேறி இந்தியா வந்து, "சும்மா சீன் போடாதே" என்று தருமபுரி பஸ் ஸ்டாண்டில் புழங்குகிறது. ஆடுகளம், அதற்குப் பின்னால் ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகை, சுற்றிலும் சனம். பாரதம் நடக்கும் எந்த ஊரிலும் அதே அமைப்பைப் பார்க்கலாம்.

'ரோல்', 'பார்ட்' என்ற சொற்களும் பொருளிலிருந்தே பிறந்தவை. அச்சு மலிவாக இல்லாத காலத்தில் ஒவ்வொரு நடிகருக்கும் முழு நாடகத்தையும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அவர் பேச வேண்டிய பகுதியை மட்டும் எழுதிச் சுருளாகக் கொடுப்பார்கள். பகுதி பார்ட், சுருள் ரோல். அந்தப் பார்ட் தமிழ் மேடைக்கு வந்து ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று குடும்பமே ஆகிவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பாட்டும் வசனமும் எழுதிக் கொடுத்த காலத்து மேடையின் சொற்கள் இவை. அந்த வழியில் வந்த ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு ஊரிலிருந்தும் தனித்தனியாக நடிகர்களை அழைப்பார்கள். அன்றிரவுதான் அவர்கள் ஒருவரை ஒருவர் மேடையில் சந்திப்பார்கள். ஒத்திகையே கிடையாது. எல்லோருக்கும் எல்லாப் பாட்டும் தெரிந்திருந்தால்தான் அது நடக்கும். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை வேறு வழி. படித்தவர்கள் சேர்ந்து, எழுதிய வசனத்தைப் பாடம் செய்து, ஒத்திகை பார்த்து ஆடினார்கள். ஒத்திகை என்ற சொல்லுக்கு இன்று நாம் கொடுக்கும் பொருள் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றே நான் நினைக்கிறேன்.

கூத்தில் ஆசிரியர், இயக்குநர், நடனம் கற்றுத் தருபவர், சில நேரம் கணக்குப் பார்ப்பவரும் ஒரே ஆள், வாத்தியார். குழுவுக்கு ஜமா என்று பெயர். நோட்டீசில் நாடக மன்றம் என்று போடுவார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும். மேடைச் சொற்களும் ஒன்றோடொன்று கலந்துதான் இருக்கும்.

'கியூ' என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். அடுத்தவர் எப்போது தொடங்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. வசனத்தின் கடைசிச் சொல்லாக இருக்கலாம், விளக்கு அணைவதாக இருக்கலாம். கூத்தில் மத்தளக்காரரின் தீர்மானம்தான் பெரிய கியூ. மூன்று முறை அடித்து முடிக்கும் அந்தத் தாளக்கட்டு காதில் விழுந்ததும், திரை பிடிப்பவர், அடுத்து வரப்போகிறவர், ஆர்மோனியக்காரர் எல்லோருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். ஹெட்போனில் யாரும் சொல்லத் தேவையில்லை. பின்பாட்டும் அப்படித்தான். நடிகர் ஓரடி பாடியதும் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள். சனத்துக்கு வரி இரண்டு முறை கேட்கும், அதனால் பொருள் பதியும். நடிகர் அந்த நேரத்தில் ஆடிக்கொள்வார், மூச்சும் வாங்கிக்கொள்வார். மைக் இல்லாத காலத்து அமைப்பு. மைக் வந்த பிறகும் அதைக் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். அப்படித்தான் வேண்டும்.

கடைசியாக, பாடப் புத்தகத்தில் மிகக் கடினமாகத் தோன்றும் இரண்டு சொற்கள். ஒன்று 'நான்காவது சுவர்'. படச்சட்ட மேடையில் ஓர் அறையைக் காட்டினால் மூன்று பக்கம் சுவர் இருக்கும். கூட்டம் இருக்கும் நாலாவது பக்கத்திலும் ஒரு சுவர் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடிகர் நடிக்க வேண்டும். பிரான்சின் எழுத்தாளர் தெனி தீதரோ 1758-இல் இதைச் சொன்னார். இரண்டாவது, ஜெர்மனியின் நாடக ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் சொன்ன 'தூரப்படுத்தல்'. பார்க்கிறவர் கதையில் மூழ்கித் தன்னை மறந்துவிடக்கூடாது, இது நாடகம் என்ற நினைப்போடு யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். 1935-இல் மாஸ்கோவில் சீன நடிகர் மெய் லான்ஃபாங் ஆடியதைப் பார்த்தது பிரெக்ட் இந்தக் கருத்தை எழுதக் காரணமாக இருந்தது. ஆசிய மேடையில் இயல்பாக இருந்த ஒன்றுக்கு ஐரோப்பாவில் பெயர் வைத்தார்கள்.

கட்டியங்காரனைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டும் ஒரே இரவில் புரிந்துவிடும். அவன்தான் கூத்தைத் தொடங்கிவைப்பான். ராஜா வந்து நின்றதும், "ஐயா, தாங்கள் யாரு, எந்த ஊரு?" என்று கேட்பான். துரியோதன மகாராஜா தன் பெருமையெல்லாம் சொல்லி முடித்ததும் அதை நம் ஊர்ப் பேச்சில் இரண்டு வரியாகச் சுருக்கிச் சொல்லிவிடுவான். அடுத்த நொடியே சனத்தைப் பார்த்து, குழாயில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசுவான். நடுவில் யாராவது எழுந்து வந்து நடிகரின் உடையில் நூறு ரூபாய் நோட்டைக் குத்துவார். கதை நிற்கும். மைக்கில் அவர் பெயரும் ஊரும் சொல்லி வாழ்த்துவார்கள். பிறகு கதை விட்ட இடத்திலிருந்து போகும். இங்கே நாலாவது சுவர் இல்லவே இல்லை, எழுப்பினால்தானே உடைக்க முடியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பிரெக்ட் சொன்னதுபோல் சனம் தள்ளி நின்று யோசித்துக்கொண்டே இருப்பதும் இல்லை. துகிலுரிதல் நடக்கும் இரவில், ஐந்து நிமிடம் முன்பு கட்டியங்காரன் பேச்சுக்குச் சிரித்த அதே அம்மாக்கள் கையெடுத்துக் கும்பிட்டு அழுகிறார்கள். விலகலும் மூழ்கலும் மாறிமாறி வருகின்றன. இதற்குச் சரியான ஒரே சொல் இன்னும் எந்த மொழியின் நாடகப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. 1977-இல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது, நவீன நாடகத்துக்கு வேண்டிய பலம் கூத்தில் இருக்கிறது என்று நம்பித் தொடங்கினார். அந்த நம்பிக்கை சரிதான் என்பதற்குக் கட்டியங்காரன் ஒருவனே போதும்.

அரிஸ்டாட்டில் சொன்ன 'கதார்சிஸ்' என்ற சொல்லைப் படுகளத்தில் வைத்துச் சொல்கிறேன். அன்று பகலிலேயே ஊர்வெளியில் மண்ணால் துரியோதனன் உருவத்தைப் பெரிதாகப் படுக்கவைத்துச் செய்திருப்பார்கள். ஒரு வீட்டின் நீளத்துக்கு இருக்கும். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். சனமும் கூடவே ஓடும். மேடை எது, சனம் எது என்று பிரிக்க முடியாது. பீமன் மண் உருவத்தின் தொடையில் அடிப்பான். பாஞ்சாலி அவிழ்த்துப்போட்ட கூந்தலை அங்கே முடிவாள். பத்துப் பதினெட்டு நாள் அந்தக் கூந்தல் முடியப்படாமல் இருந்ததை ஊரே பார்த்திருக்கிறது. இரக்கமும் பயமும் உண்டாக்கி அவற்றை வடியவைப்பது சோக நாடகம் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். வடிவது என்றால் என்னவென்று அந்தக் கூந்தல் முடியும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்தால் தெரியும். தொல்காப்பியம் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறது. நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டு மெய்ப்பாடு. மெய்யில், அதாவது உடம்பில் படுவது. படுகளத்தில் இந்த எட்டில் எத்தனை வந்துபோகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொல்லி மாணவர்களை அனுப்பினேன். ஒவ்வொருவரும் ஒரு எண்ணோடு திரும்பி வந்தார்கள். எட்டும் வந்தது என்று சொன்ன பெண், இளிவரல் எந்த இடத்தில் வந்தது என்று விளக்க நோட்டில் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

இந்தக் கோடையில் பென்னாகரம், அரூர், காவேரிப்பட்டினம், ஊத்தங்கரை என்று உங்களுக்குப் பக்கத்தில் எங்கே பாரதக் கொடி ஏறுகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் நாளே நேராகக் களரிக்கு எதிரே போய் உட்கார வேண்டாம். பக்கவாட்டில், வாத்தியக்காரர்கள் பெஞ்சுக்குக் கிட்டே இடம் பிடியுங்கள். அங்கிருந்துதான் திரைக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய், வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு, கொட்டகை வாசலில் நின்று கட்டு ஏறுவதைப் பாருங்கள். கிரீடம் வைத்த பிறகு நடிகரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். விடியும்போது மங்களம் பாடி முடித்ததும் எழுந்து போய்விடாமல் இருந்தால், முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதையும், கயிறு பதிந்த தடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அவர் டீக்குக் கை நீட்டுவதையும் பார்க்கலாம்.